ஏற்றுமதி ஆவணங்களின் மொழி - ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இந்தியாவின் கடல் வணிகம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பண்டங்களையும் துறைமுகங்களையும் வணிகக் குழுக்களையும் பற்றியே அமைந்துள்ளன. அப்பண்டங்களோடு உடன்சென்ற ஆவணங்களின் மொழி தனித்து நோக்கப்பட்டது குறைவு. ஆனால் உள்ளூரில் தொழில் செய்துவரும் ஒருவர் அயல்நாட்டு வணிகத்தில் இறங்கும்போது முதலில் எதிர்கொள்வது கடலையன்று, காகிதத்தையே. உள்ளூர்ச் சந்தையில் பொருளைப் பார்த்து வாங்குவோர் உண்டு. அயல்நாட்டு வணிகத்தில் வாங்குவோரின் வங்கி பொருளைப் பார்ப்பதில்லை. பொருளைப் பற்றிய ஆவணங்களை மட்டுமே பார்த்துப் பணம் தருகிறது. ஆகவே அவ்வணிகத்தில் ஒரு சொல் பிழைபட்டால் பொருள் நன்றாயிருந்தும் பணம் நின்றுபோகும்.

இந்திய ஏற்றுமதி ஆவணங்களின் மொழி எவ்வாறு பன்மொழி நிலையிலிருந்து ஒருமொழி நிலைக்கு மாறிற்று என்பதையும், அம்மாற்றத்தால் சிறு வணிகருக்கு ஏற்பட்ட தடைகள் எத்தகையவை என்பதையும், அவற்றில் மொழிபெயர்ப்பாளருக்கு உரிய பணி யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. பழைய ஆவணங்களின் பன்மொழி நிலை

வணிக ஆவணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அலுவலர் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளின்மீது சோழரின் புலி இலச்சினையைப் பொறித்ததைக் கூறுகிறது. சுங்கம் என்னும் பொருளில் 'உல்கு' என்னும் சொல் திருக்குறளில் ஆளப்பட்டுள்ளது. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கந்தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பட்டமை, சுங்கம் மக்கள் வாழ்வில் எத்துணைச் சுமையாக இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

மேற்குக் கடற்கரை வணிகத்துக்கு எழுத்து வடிவச் சான்றாக, வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசுச் சுவடியைக் குறிப்பிடலாம். 1985இல் பதிப்பிக்கப்பட்ட இது கிரேக்க மொழியில் அமைந்தது. முசிறி வணிகத்துக்கென வாங்கிய கடன், சரக்கை அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுசெல்லும் முறை, சரக்கின்மீது கடன் கொடுத்தவரின் முத்திரை இடப்படுதல், நான்கில் ஒரு பங்குச் சுங்கம் ஆகியவை இதில் இடம்பெறுகின்றன. கடன், சரக்கு, சுங்கம் ஆகிய மூன்றையும் எழுத்தால் பிணைக்கும் வழக்கம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது என்பது இதனால் பெறப்படும்.

மொழியியலார்க்கு இன்னும் பயன்தருவது கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடாகும். வேணாட்டு ஆட்சியாளர் கொல்லத்தில் அளித்த உரிமைகளை வட்டெழுத்தில் கூறும் இவ்வேட்டில், சான்றொப்பமிட்டோர் கூபிய அரபு எழுத்திலும் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் தத்தம் பெயர்களைப் பொறித்துள்ளனர். ஆவணம் நாட்டு மொழியில் அமைய, அயலவர் தம் எழுத்தில் ஒப்பமிட்டனர். ஆவண மொழியை அறியவேண்டிய பொறுப்பு இங்கு வந்த வணிகருக்கு உரியதாயிருந்தது எனலாம். காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-45இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பொறித்த அபய சாசனமும் இவ்வகையினதே. புயலில் சிதைந்த கலங்களின் சரக்கை அரசு பறிமுதல் செய்யாது என்றும், முப்பதில் ஒரு பங்கே தீர்வையாகப் பெறப்படும் என்றும் அது உறுதி கூறிற்று. வணிகர் தம் உரிமையைத் துறைமுகத்துக் கல்லிலேயே கண்டறியும் வகையில் அது அமைந்தது.

3. தஸ்தக்கும் துபாசியும்

ஐரோப்பியர் வருகைக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கிற்று. வங்காளத்தில் 1717ஆம் ஆண்டுப் பேரரசர் பருக்சியரின் ஆணைவழி ஆங்கிலக் கம்பெனி, 'தஸ்தக்' என்னும் அனுமதிச் சீட்டின் துணையால் சுங்கமின்றிச் சரக்கைக் கொண்டுசெல்லும் உரிமையைப் பெற்றது. கம்பெனி ஊழியர் தம் சொந்த வணிகத்துக்கும் அதனைப் பயன்படுத்தியமையால் நாட்டு வணிகர் நலிந்தனர். நவாபு மீர் காசிம் 1763இல் அனைவருக்குமே உள்நாட்டுச் சுங்கத்தை நீக்கினார். இப்பூசல் 1764ஆம் ஆண்டுப் பக்சார் போர்வரை சென்றது. ஒரு துண்டுச் சீட்டு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதே வணிகத்தின் வெற்றி தோல்வியை முடிவு செய்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இக்காலத்திலேதான் இரு மொழிகளுக்கு இடையே நின்று வணிகம் நடத்தும் துபாசி பெருஞ்செல்வாக்குப் பெற்றார். 'இருமொழியாளர்' என்பதே அச்சொல்லின் பொருள். புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் 1736 முதல் 1761 வரையிலான நாட்குறிப்பு, மொழிபெயர்ப்பும் தரகும் ஒரே கையில் இருந்தமையைத் தெளிவாகக் காட்டுகிறது. படிக்கத் தெரிந்தவரே இடையில் நிற்பவர் என்னும் இந்நிலை பின்னரும் மறையவில்லை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெறும் சுங்க முகவர் அத்துபாசியின் வழிவந்தவர் எனக் கருதலாம். 2013ஆம் ஆண்டு விதிமுறைகளால் அவர் பெயர் 'சுங்கத் தரகர்' என மாறிற்று; பணி மாறவில்லை.

தமிழில் வழங்கும் ரசீது, அசல், நகல், பாக்கி, வசூல், ஜாமீன், தஸ்தாவேஜு முதலிய சொற்கள் அரபு பாரசீக வழிவந்தவை; ஏலம் போர்த்துக்கீசிய வழிவந்தது. ஆட்சிமொழி மாறுந்தோறும் ஆவணச் சொற்களும் மாறின. எனினும் இச்சொற்கள் யாவும் தமிழ் ஒலிமரபுக்கு இயைந்து, பேச்சிலும் கணக்கேட்டிலும் கலந்து, பொருள் விளங்கும் சொற்களாயின என்பது நோக்கத்தக்கது.

4. உண்டியலுக்கு ஒரு விலக்கு

19ஆம் நூற்றாண்டில் ஆவண மரபு சட்ட வடிவம் பெற்றது. 1856இல் சரக்கேற்றச் சீட்டுச் சட்டமும், 1878இல் கடற்சுங்கச் சட்டமும், 1881இல் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் இயற்றப்பட்டன. இவற்றுள் இறுதியாகக் கூறியது மொழி வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. கீழை மொழி ஒன்றில் எழுதப்பட்ட ஆவணத்தைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தை இச்சட்டம் பாதிக்காது என அதன் முதற்பிரிவே விலக்களிக்கிறது. அவ்வாவணத்திலேயே, இச்சட்டத்துக்கு உட்படும் கருத்தைக் காட்டும் சொற்கள் இருப்பின் மட்டும் அவ்வழக்கம் விலக்கப்படும்.

இதன் விளைவாக, நாட்டு மொழியில் எழுதப்பட்ட உண்டியல் ஒரு மரபாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாற்றுச்சீட்டு மற்றொரு மரபாகவும் அருகருகே இயங்கின. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடத்திய கொடுக்கல் வாங்கலில் தமிழ் உண்டியல் பெருவழக்காயிருந்தது. தமிழில் எழுதிய தாள் கடல்கடந்து பணமாக மாறியது என்பதை, 'வணிக ஆவணத்துக்குத் தமிழ் பொருந்தாது' என்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆனால் சட்டம் அளித்த விலக்கு காப்பாகவும் இருந்தது, வேலியாகவும் இருந்தது. நாட்டு மொழி ஆவணம் அதன் வழக்கம் அறிந்தோரிடையே மட்டும் செல்லுபடியாயிற்று. ஐரோப்பிய வங்கியை நாடிய வணிகர் ஆங்கில ஆவணத்துக்கே செல்லவேண்டியதாயிற்று.

5. 'பில்' என்னும் சொல்லின் பொருட்குழப்பம்

தமிழ்ப் பேச்சில் 'பில்' என்றால் பணம் கேட்கும் சீட்டு. கடைப் பில், மின்சாரப் பில் என வழங்குகிறோம். இப்பொருளையே மனத்திற்கொண்டு ஏற்றுமதி ஆவணங்களை அணுகுவோர் தடுமாறுவர். 'பில் ஆப் லேடிங்', 'ஷிப்பிங் பில்', 'பில் ஆப் என்ட்ரி', 'பில் ஆப் எக்ஸ்சேஞ்ச்' என்னும் நான்கனுள் பணம் கேட்பது இறுதியில் உள்ளது ஒன்றே. முதலாவது, கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றுக்கொண்டமைக்கு அளிக்கும் சான்று. சரக்கின்மீது உரிமை காட்டுவது. இரண்டாவது, ஏற்றுமதியாளர் சுங்கத்துறைக்கு அளிக்கும் அறிவிப்பு. மூன்றாவது, இறக்குமதியாளர் அளிக்கும் அறிவிப்பு.

இவற்றுள் 'ஷிப்பிங் பில்' மிகவும் மயக்கம் தருவது. சுங்கச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, கப்பலில் செல்லும் சரக்குக்கு மட்டுமன்றி வானூர்தியில் செல்லும் சரக்குக்கும் ஷிப்பிங் பில்லே அளிக்கவேண்டும். நிலவழிச் செல்லும் சரக்குக்குரிய அறிவிப்பின் பெயர் 'பில் ஆப் எக்ஸ்போர்ட்'. இக்கட்டுரையாளர் முன்னொருமுறை சிறுதொழில் செய்வோர்க்கான வழிகாட்டிக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்தபோது, ஷிப்பிங் பில் என்பதைக் 'கப்பல் கட்டணச் சீட்டு' எனத் தமிழாக்கினார். அதனைப் படித்த முகவர் ஒருவர், "இது கப்பலுக்கும் உரியதன்று, கட்டணமும் அன்று, சீட்டும் அன்று; நாம் கொடுக்கும் விண்ணப்பம்" என்று கூறியபோதே பிழை புலப்பட்டது. சொல்லை மொழிபெயர்த்து, செயலை மொழிபெயர்க்காமல் விட்டதே அப்பிழைக்குக் காரணம். 'ஏற்றுமதிச் சுங்க அறிவிப்பு' என்பதே பொருத்தமான ஆக்கமாகும்.

'பில்' என்பதன் மூலம் 'முத்திரை' எனப் பொருள்படும் 'புல்லா' என்னும் இலத்தீன் சொல் என்பர். முத்திரையிட்ட ஆவணம் என்பதே பழம்பொருள். புகாரில் பொதிமீது இட்ட புலி இலச்சினையும் இவ்வகைத்தே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

6. சொல்லால் வீழ்ந்த இரு வழக்குகள்

வங்கி வழங்கும் கடனுறுதிக் கடிதத்தின் விதிப்படி, ஆவணங்கள் கடிதத்தில் கேட்கப்பட்டவாறே அமைதல் வேண்டும். இக்கொள்கையை நிலைநாட்டிய ஆங்கில வழக்குகளுள் இரண்டு மொழியியலார் கவனத்துக்கு உரியவை.

முதலாவது 1927ஆம் ஆண்டின் ஈக்விடபிள் டிரஸ்ட் - டாசன் பார்ட்னர்ஸ் வழக்கு. பத்தாவியாவிலிருந்து வனிலா வாங்கிய நிறுவனம், வல்லுநர்கள் அளித்த தரச்சான்று வேண்டும் எனப் பன்மையில் கேட்டிருந்தது. அச்செய்தி தந்திக் குறியீட்டில் அனுப்பப்பட்டது. அக்குறியீடு ஒருமை பன்மை வேறுபாட்டைக் காட்டவில்லை. பத்தாவியாவில் அது ஒருமையாகப் படிக்கப்பட்டு, ஒரே வல்லுநரின் சான்று ஏற்கப்பட்டது. விற்றவர் அனுப்பியதோ பெரும்பாலும் குப்பை. ஏறத்தாழச் சரியான ஆவணம் என்பது ஏற்கத்தக்கதன்று என்னும் கருத்தில் பிரபுக்கள் சபை வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதனை எளிதாகக் கடந்து செல்ல இயலாது. அத்தந்திக் குறியீட்டின் குறைபாடு தமிழ்த்தொடரிலும் தோன்றக்கூடும். 'வல்லுநர்' என்பதன் ரகர ஈறு பலர்பாலையும் உணர்த்தும். உயர்வு கருதி ஒருவரையும் உணர்த்தும். 'வல்லுநர் சான்று' எனத் தொகையாக எழுதினால் எண் அறவே மறைந்துவிடும். இயல்பான, பிழையற்ற தமிழே இங்கு வணிகருக்கு இழப்பைத் தரவல்லது.

இரண்டாவது, 1943ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இடம்பெற்ற ரேய்னர் - ஹாம்ப்ரோஸ் வங்கி வழக்கு. கடனுறுதிக் கடிதம் 'கோரமண்டல் நிலக்கடலை' எனக் குறித்தது. சரக்கேற்றச் சீட்டோ 'இயந்திரத்தால் தோலுரித்த நிலக்கடலைப் பருப்பு' எனக் குறித்தது. வணிக வட்டாரத்தில் இரண்டும் ஒன்றே என்பதற்குச் சான்று அளிக்கப்பட்டது. எனினும், ஆயிரக்கணக்கான தொழில்களின் வழக்குச்சொற்களை வங்கி அறிந்திருக்கவேண்டும் என எதிர்பார்க்க இயலாது என்னும் அடிப்படையில் வங்கி பணம் தர மறுத்தது சரியே எனத் தீர்ப்பாயிற்று. சோழமண்டலம் என்பதன் திரிபாகவே பொதுவாகக் கருதப்படும் 'கோரமண்டல்' என்னும் பெயர் ஆவணத்தில் இல்லாமற் போனதால் பணம் நின்றது. ஒருபொருட் பன்மொழி இலக்கியத்தில் அழகு. கடனுறுதிக் கடிதத்தில் அது முரண்பாடு.

7. விதிகளுக்குள் ஓர் இலக்கணம்

இத்தகைய இடர்களைக் குறைக்கப் பன்னாட்டு வணிகக் கழகம் 1933இல் கடனுறுதிக் கடிதங்களுக்கான ஒருசீர் வழக்க விதிகளை வெளியிட்டது. 2007 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அதன் 600ஆம் எண் வெளியீட்டின் மூன்றாம் விதியை ஓர் இலக்கண நூற்பா எனவே கூறலாம். பொருந்துமிடத்து ஒருமை பன்மையையும் பன்மை ஒருமையையும் உள்ளடக்கும் என்று அது தொடங்குகிறது. எண் பற்றிய ஐயம் வணிகத்தில் எத்துணை நீண்டகாலம் நிலைத்தது என்பதற்கு இதுவே சான்று. நிலக்கடலை வழக்கின் கடுமையும் ஓரளவு தளர்ந்துள்ளது. விலைப்பட்டியலில் மட்டும் சரக்கின் விவரம் கடிதத்துக்கு ஒத்திருக்கவேண்டும். ஏனைய ஆவணங்களில் முரண்படாத பொதுச்சொற்கள் போதும்.

அதே விதி காலச்சொற்களையும் வரையறுக்கிறது. சரக்கேற்றும் காலத்தைக் குறிக்கையில், ஆங்கில 'பிரம்' என்னும் சொல் குறித்த நாளை உள்ளடக்கும், 'ஆப்டர்' உள்ளடக்காது. ஆனால் பணம் முதிரும் நாளைக் கணக்கிடுகையில் இரண்டுமே அந்நாளை உள்ளடக்கா. ஒரே சொல்லுக்கு இரு இடங்களில் இரு பொருள். மொழிபெயர்ப்பாளர் ஈரிடத்தும் 'முதல்' என எழுதுவாராயின், தமிழில் 'முதல்' அந்நாளையும் உட்கொள்வதால் கணக்குப் பிழைக்கும். மார்ச்சு 1ஆம் நாளிட்ட சரக்கேற்றச் சீட்டிலிருந்து 60 நாளில் பணம் தரவேண்டும் என்றால் உரிய நாள் ஏப்ரல் 30. மார்ச்சு 1ஐயும் சேர்த்து எண்ணினால் ஏப்ரல் 29 ஆகிவிடும். 'அல்லது அதனையொட்டி' எனப் பொருள்படும் தொடருக்கும் முன்னும் பின்னும் ஐந்து நாள்கள் என்னும் எல்லை உண்டு. பொதுவழக்கில் நெகிழ்ச்சியாக நிற்கும் சொல்லுக்கு வணிக விதி கட்டான பொருளை விதித்துள்ளது.

8. விடுதலைக்குப் பின்

1947ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தொடங்கி, உரிமமும் படிவமும் பெருகின. 1963இல் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ்ப் பணம் நாட்டுக்குத் திரும்பியதைக் காட்டும் படிவம் தனியே வேண்டப்பட்டது. ஒவ்வொரு படிவத்திலும் அதே பெயர், அதே சரக்கு, அதே எடை வெவ்வேறு கட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டன. எழுதுந்தோறும் பிழைக்கு வாய்ப்பு மிகுந்தது.

இப்படிவங்கள் எம்மொழியில் அமைந்தன? அயல்நாட்டு வணிகமும் சுங்கத் தீர்வையும் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் முறையே 41ஆம், 83ஆம் பதிவுகளாக உள்ளன. 1963ஆம் ஆண்டு அலுவல் மொழிகள் சட்டத்தின் 3(3)ஆம் பிரிவு, ஒன்றிய அரசின் உரிமங்களும் அனுமதிகளும் இந்தி, ஆங்கிலம் ஆகிய இருமொழிகளிலும் அமைய வேண்டும் என்கிறது. மாநில ஆட்சிமொழிச் சட்டங்களுக்கு இத்துறையில் இடமில்லை. எனவே தமிழ் மட்டுமன்று, குசராத்தி, வங்காளி, மலையாளம் முதலிய வணிக மரபு மிக்க மொழிகளும் ஏற்றுமதிப் படிவத்துக்கு வெளியே நின்றன. கொல்லத்துச் செப்பேட்டில் அயலவர் நம் மொழி ஆவணத்தில் ஒப்பமிட்டனர். இன்று நம்மவர் தாம் படிக்கவியலாத ஆவணத்தில் ஒப்பமிடுகின்றனர். பிழையறிவிப்புக்குரிய தண்டமோ ஒப்பமிட்டவரையே சாரும்.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை இதற்கு எடுத்துக்காட்டலாம். உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் செய்துவந்த அவ்வூர், 1970களின் இறுதியில் ஐரோப்பியச் சந்தையில் நுழைந்தது. 'பனியன்' என்னும் சொல்லே, வணிகரைக் குறிக்கும் 'வாணியோ' என்னும் குசராத்திச் சொல்லின் வழி வந்து, அவர் அணிந்த ஆடைக்கு ஆகி, பின் உள்ளாடைக்கு ஆகியது என்பர். 1974இல் தொடங்கிய பல்லிழை ஒப்பந்தத்தின் கோட்டா முறை 2004 இறுதிவரை ஏதேனும் ஒரு வடிவில் நீடித்தது. ஆடை ஏற்றுமதியாளர், தம் ஆடை எந்த வகையின்கீழ் வரும் என்பதை அறிந்து அதற்குரிய கோட்டாவைப் பெற்றாலன்றிச் சரக்கை அனுப்ப இயலவில்லை. அளவும் நிறமும் நன்றாயிருப்பது போதவில்லை. ஆடையின் பெயரும் சரியாயிருக்க வேண்டியிருந்தது.

1988இல் நடைமுறைக்கு வந்த இசைவுற்ற பண்டக் குறியீட்டு முறை, பெயருக்குப் பதிலாக எண்ணைத் தந்தது. இதனால் மொழித்தடை நீங்கிற்று எனச் சிலர் கருதுவர். இக்கருத்து ஓரளவே பொருந்தும். பின்னிய ஆடை 61ஆம் இயலிலும் பின்னாத ஆடை 62ஆம் இயலிலும் அடங்கும். பின்னலையும் நெசவையும் 'துணி' என்னும் ஒரே சொல்லால் வழங்குவோர்க்கு எண்ணைத் தேர்வதற்கு முன்பே சொல்லைத் தேரவேண்டியுள்ளது. எண் என்பது மொழிக்கு மாற்றன்று. வரையறுத்த சொல்லின் சுருக்கமே.

படிவச் சுமை பின்னர்க் குறையத் தொடங்கிற்று. ஐக்கிய நாடுகளின் படிவ அமைப்பைத் தழுவி 1991இல் ஒருங்கமைந்த ஆவண முறை இந்தியாவில் அறிமுகமாயிற்று. 1992இல் புதிய அயல்நாட்டு வணிகச் சட்டம் வந்தது. 2015இல் ஏற்றுமதிக்குக் கட்டாயமான ஆவணங்கள் ஏழிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டன. சரக்கேற்றச் சீட்டு, பொதிவிவரத்துடன் கூடிய விலைப்பட்டியல், சுங்க அறிவிப்பு என்பவையே அவை. 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சரக்கேற்றச் சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தாளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் எஞ்சிய தாள்களின் மொழி மாறவில்லை.

9. மொழிபெயர்ப்பாளர் பணி

பன்னாட்டு ஆவணத்தைத் தமிழில் எழுதவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வாங்குவோரும் வங்கியும் படிக்கவியலாத ஆவணத்தால் பயனில்லை. வேண்டுவது, ஒப்பமிடுபவர் தாம் எதற்கு ஒப்பமிடுகிறார் என்பதை அறியும் வகையில் அமைந்த இணைவிளக்கம். அதனை ஆக்குவோர் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளலாம்.

முதலாவது, ஆவணத்தின் பெயரை ஒலிபெயர்த்து எழுதி, அதன் செயலைத் தமிழில் விளக்குதல். முகவரிடம் பேசும்போது வணிகருக்கு வேண்டுவது அப்பெயரே. இரண்டாவது, சரக்கின் பெயரை ஒருபோதும் மொழிபெயர்க்காது, கடிதத்தில் உள்ள எழுத்துப்படியே தருதல். மூன்றாவது, எண்ணை வெளிப்படையாகக் கூறுதல். 'வல்லுநர்' என நிறுத்தாது 'ஒருவருக்கு மேற்பட்ட வல்லுநர்கள்' என எழுதுதல். நான்காவது, காலத்தைக் குறிக்கையில் 'அந்நாள் உட்பட', 'அந்நாள் நீங்கலாக' எனத் தெளிவுபடுத்துதல். ஐந்தாவது, பழகிய சொல்லின் புதுப்பொருளை எச்சரித்தல். 'கிளீன்' என்னும் அடைமொழி சரக்கிலோ கட்டுமானத்திலோ குறை குறிக்கப்படாத நிலையை உணர்த்துமேயன்றித் தூய்மையை உணர்த்தாது. 'நெகோஷியபிள்' என்பது கைமாற்றத்தக்கது, பேரம் பேசத்தக்கதன்று.

ஒன்றிய அரசின் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் அதிகாரமுடைய பாடம் வெளியிட 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிவகுத்துள்ளது. சட்டத்துக்குத் தமிழ்ப் பாடம் இருக்கலாம் என்றால், அச்சட்டத்தின்கீழ் நிரப்பவேண்டிய படிவத்துக்குத் தமிழ் விளக்கம் இருப்பதில் தடை இருத்தலாகாது.

10. முடிவுரை

இந்தியக் கடல் வணிக ஆவணம் பன்மொழியில் தொடங்கி, இருமொழி இடையாளர் வழியாக நடந்து, ஆங்கில ஒருமொழி நிலையை அடைந்து, இன்று குறியீட்டு நிலைக்குச் சென்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் படிக்கத் தெரிந்தவர் கையில் வணிகத்தின் ஒரு பங்கு தங்கிற்று. சிறு வணிகருக்குத் தடையாக நிற்பவற்றுள் வரியையும் உரிமத்தையும் நீக்குவது அரசின் பணி. சொல்லால் விளையும் தடையை நீக்குவது மொழியியலாரின், மொழிபெயர்ப்பாளரின் பணி. சோழமண்டலத்து நிலக்கடலைக்கு ஒரு சொல்லால் நேர்ந்தது, திருப்பூரின் ஆடைக்கோ வேறோர் ஊரின் கைவினைக்கோ நேராதிருக்கத் தமிழில் ஒரு நல்ல ஏற்றுமதிச் சொற்களஞ்சியம் உருவாதல் வேண்டும். அது சொல்லுக்குச் சொல் தருவதாக அமையாது, செயலுக்குச் செயல் விளக்குவதாக அமைதல் இன்றியமையாதது.